மார்ஜின் மடித்தவர்

'எட்டாங்கிளாஸ் ஃபெயில். எட்டு ஃபேக்டரி.'

இந்த இரண்டு வரிகளைப் படிக்காதவர் அந்த நகரத்தில் இருக்க முடியாது. மொட்டை மாடிதோறும் நிற்கும் நீலத் தண்ணீர்த் தொட்டிகளின் வயிற்றில் அவை பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தன. பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கும் முதலாளியின் முகம். காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு மாடியிலிருந்து முதல் சிரிப்பு அவருடையதாகத்தான் இருக்கும். ஊர் அவருக்கு வைத்த பெயர் எட்டாங்கிளாஸ். யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் அவருக்கு முகம் சுருங்கும்.

அந்த எட்டாங்கிளாஸ் இன்று சிரிக்கவில்லை. தன் தலைமை அலுவலக அறையில், குளிர்சாதனக் காற்றுக்கு நேர் கீழே உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஆபீஸ் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு மேடம்" என்றான் அரியர், நாற்காலியில் உட்காரும்போதே. "வாசல்ல போர்டு பார்த்தீங்களா? 'பட்டதாரிகளுக்கு இங்கே வேலை இல்லை.' வாழ்க்கையில முதல் தடவையா எனக்குத் தகுதி இருக்கிற இடத்துக்கு வந்திருக்கேன்."

அரியர் என்பது அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கல்லூரியை விட்டு வெளியே வந்து தலையில் நரை தட்டத் தொடங்கிய பிறகும் புள்ளியியலில் ஒரு தாள் பாக்கி. அந்தப் பாக்கியே பெயராக ஒட்டிக்கொண்டது. அவன் யாரிடம் உதவியாளனாக இருக்கிறானோ அந்த மேடத்துக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: பறக்கும் படை. துப்பறிய வருவதற்கு முன் பல்கலைக்கழகப் பரீட்சை அறைகளில் திடீர் திடீரென்று நுழைந்து பிட்டுப் பிடிக்கும் வேலையில் இருந்தவர். யார் எதை எங்கே ஒளித்துவைப்பார்கள் என்பது அவருக்குப் பார்வையிலேயே தெரியும்.

"காணாமல் போனது என்ன?" என்றார் மேடம்.

"ஒரு கறுப்புக் குழாய். பிளாஸ்டிக். படம் சுருட்டி வைப்பாங்களே, அந்த மாதிரி. என் வீட்டு மாடி ரூம் பீரோவில இருந்தது. நேத்து மத்தியானம் பார்த்தேன். இன்னிக்குக் காலையில இல்ல."

"உள்ளே?"

எட்டாங்கிளாஸ் தண்ணீர் குடித்தார். "புதுத் தொட்டியோட டிசைன்."

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகமே இல்ல மேடம். என் செக்ரட்டரிதான். நேத்து சாயங்காலம் என் கண்ணாடியை எடுத்துட்டு வர அவளைத்தான் மாடிக்கு அனுப்பினேன். வெளி ஆளுன்னு அங்க போனது அவ ஒருத்திதான். கேட்டா அழறா. இன்னிக்குச் சாயங்காலம் எனக்கு விழா. பல்கலைக்கழகத்துல கௌரவ டாக்டர் பட்டம் குடுக்கிறாங்க. 'படிக்காமலே சாதித்த மாமனிதர்'னு. போலீஸ் இன்ஸ்பெக்டரும் வர்றார். அதுக்குள்ள குழாய் வரலைன்னா, அவளை அவர்கிட்ட ஒப்படைச்சிடுவேன்."

"இதையெல்லாம் ஒரு தாள்ல எழுதிக் குடுங்க" என்று மேடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

இது மேடத்தின் வழக்கம். வழக்கில் சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் நடந்ததை எழுதித் தரச் சொல்வார். எழுதியதை அவர் படித்து அரியர் பார்த்ததே இல்லை. எழுதும்போது அந்த ஆளை மட்டும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வளவுதான்.

எட்டாங்கிளாஸ் தாளை வாங்கி மேசையில் நேராக வைத்தார். இடது ஓரத்தைக் கட்டைவிரல் அகலத்துக்கு மடித்தார். மடிப்பின் மேல் நகத்தை மேலிருந்து கீழாகச் சர்ரென்று ஓட்டினார். பிரித்தார். மடிப்புக் கோட்டுக்கு வலப்புறமாக எழுதத் தொடங்கினார். ஒரு தலைப்பு, அதன் கீழே கோடு. கொஞ்சம் எழுதி, இன்னொரு தலைப்பு. அதன் கீழேயும் கோடு. பக்கம் நிறைந்ததும் தலையை நிமிர்த்தாமல் இடது கையை மட்டும் உயர்த்தினார்.

"இன்னொரு ஷீட்!"

மேடம் கொடுத்தார். மேடத்தின் உதட்டோரம் லேசாகத் துடித்ததை அரியர் கவனித்தான். சிரிப்பை அடக்கும்போது அப்படித்தான் துடிக்கும்.

செக்ரட்டரியை ஸ்டோர் ரூமில் உட்காரவைத்திருந்தார்கள். வாசலில் ஒரு காவலாளி. உள்ளே அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் அவள் இருந்தாள். அழுது முடித்து, இனி அழ ஒன்றுமில்லை என்ற நிலைக்கு வந்துவிட்ட முகம்.

"நான் எடுக்கலை மேடம்" என்றாள். "கண்ணாடி மேசை மேலயே இருந்தது. எடுத்துக்கிட்டு வந்துட்டேன். பீரோவை நான் திரும்பிக்கூடப் பார்க்கலை."

"நம்பறேன். அதையே எழுதிக் குடும்மா."

அவள் தாளை வாங்கினாள். கை தானாக இடது ஓரத்துக்குப் போனது. மடித்தாள். நகம் பாதி தூரம் ஓடியது. சட்டென்று நின்றது. அவள் மேடத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மடிப்பைப் பிரித்து உள்ளங்கையால் தேய் தேய் என்று தேய்த்தாள். காகிதத்தில் விழுந்த மடிப்பு அப்படியெல்லாம் போய்விடுமா?

மேடம் காவலாளியைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினார். கதவைச் சாத்தினார். "எந்தப் பாடம்?" என்றார் மெதுவாக.

அவள் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன். எம்.ஏ.வா?"

"எம்.ஏ. எகனாமிக்ஸ்." குரல் அவளுக்கே கேட்டிருக்காது. "எத்தனையோ இடத்துல ஏறி இறங்கினேன் மேடம். இந்த வேலைக்கு இது அதிகம்பாங்க, அந்த வேலைக்கு இது பத்தாதும்பாங்க. இங்க பத்தாவதுன்னு சொல்லிச் சேர்ந்துட்டேன். என் சம்பளத்துலதான் தம்பி படிக்கிறான், வீட்டு வாடகை போகுது. போலீஸ் வந்து விசாரிச்சா நான் பட்டதாரின்னு தெரிஞ்சு இந்த வேலை போயிடும். திருடின்னு பேர் வந்தா வேற எந்த வேலையும் கிடைக்காது."

"சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்க" என்றார் மேடம். "குழாயோட வர்றேன். இல்லைன்னா குழாயை எடுத்தவரோட வர்றேன்."

வெளியே, மாடிப்படியில் இறங்கும்போது அரியருக்குப் பொறுக்கவில்லை. "என்ன மேடம் இது? மந்திரமா? அந்தப் பொண்ணு தாளை மடிச்சதும் எம்.ஏ.ன்னு சொல்லிட்டீங்க!"

"நீ எத்தனை பரீட்சை எழுதியிருக்கே?"

"எழுதினதைவிட உட்கார்ந்ததுதான் அதிகம்."

"மார்ஜின் எப்படிப் போட்டே?"

"மடிச்சு... அட!" அரியர் படியில் நின்றுவிட்டான்.

"யோசி. பள்ளிக்கூட நோட்டுல மார்ஜின் அச்சடிச்சே வரும். அச்சடிக்காத தாள்னா டீச்சர் ஸ்கேலை வச்சுக் கோடு போடச் சொல்வாங்க. எட்டாவதுல நின்னவன் இன்னிக்கும் ஸ்கேலைத்தான் தேடுவான், இல்லைன்னா மார்ஜினே விடமாட்டான். ஆனா காலேஜ் பரீட்சையில மூணு மணி நேரத்துல ஒரு கட்டுத் தாளை நிரப்பணும். ஸ்கேல் எடுத்துக் கோடு போட்டுக்கிட்டு இருந்தா கடைசிக் கேள்வி போயிடும். அதனால மடிச்சு, நகத்தை ஓட்டி, பிரிச்சு, எழுத ஆரம்பிச்சிடுவாங்க. வருஷக்கணக்கா செஞ்ச கைக்கு அது மூச்சு விடுற மாதிரி. பட்டத்தை பீரோவில பூட்டலாம். நகத்தை எங்க பூட்டறது?"

"நான் மார்ஜின் நல்லாத்தான் மடிப்பேன் மேடம். அதுக்கு வலது பக்கம்தான் ஒண்ணும் நடக்காது." பிறகுதான் அவனுக்கு அடுத்தது உறைத்தது. "அப்படின்னா... எட்டாங்கிளாஸ்?"

"கை தூக்கி ஷீட் கேட்டாரே, பார்த்தியா? முதல் பெஞ்சுக்காரர். குறைஞ்சது எம்.எஸ்சி."

"ஐயோ! அப்ப மாடிக்கு மாடி சிரிக்கிறது?"

"அது விளம்பரம். இப்போ குழாய்க்கு வா. புதுத் தொட்டி டிசைன் காணாமல் போயிருந்தா முதல்ல யார் பதறணும்? டிராயிங் செக்‌ஷன். பக்கத்து அறையிலதான் இருக்காங்க. நிம்மதியா டீ குடிக்கிறாங்க. குழாய்ல டிசைன் இருந்ததுன்னு அவங்களுக்குச் சொல்லவே இல்ல. குழாய்க்குள்ள இருக்கிறது தொட்டி இல்ல அரியர், பட்டம்."

அவர்கள் அலுவலகத்தின் பெரிய கூடத்தைக் கடக்க வேண்டியிருந்தது. பட்டதாரி வாடையே படாத ஊழியர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மேடத்துக்கு என்ன தோன்றியதோ, கூடத்தின் நடுவில் நின்று, பழைய பரீட்சை அறைக் குரலில் முழங்கினார்:

"கடைசிப் பத்து நிமிஷம்! அடிஷனல் ஷீட்டைக் கட்டிடுங்க!"

கணக்குப் பிரிவில் நாலைந்து பேர் நூல் தேடி மேசை டிராயரை இழுத்தார்கள். ஒரு வழுக்கைத் தலைக்காரர் பக்கத்து மேசைத் தாளை ஓரக்கண்ணால் பார்த்தார். ஜன்னலோரத்தில் ஒரு அம்மாள் வேகமாகப் பக்க எண் போட ஆரம்பித்தாள்.

"இது கம்பெனி இல்ல மேடம்" என்றான் அரியர் பயபக்தியோடு. "பல்கலைக்கழகம்."

எட்டாங்கிளாஸின் வீட்டுக்குப் போகும் வழியில் அரியர் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். "போட்டிக் கம்பெனிக்காரன் வேலை மேடம். பட்டத்தைக் காட்டி மிரட்டப் போறான்."

"மிரட்டறவன் நேரா போன் பண்ணுவான். இன்னிக்கு விழா. இதைவிட நல்ல நாள் அவனுக்கு வருமா? ஆனா போனே வரலை. ஒளிச்சு வச்சிருந்த ஒண்ணை எடுத்தவன் ஒண்ணு மறைக்க எடுத்திருக்கணும், இல்ல காட்ட எடுத்திருக்கணும். ஏற்கனவே மறைஞ்சிருக்கிறதை மறைக்க யாருக்கு என்ன அவசரம்? எடுத்தவர் அதை நாலு பேருக்குக் காட்டணும்னு நினைக்கிறவர்."

"அவர் பட்டத்தைப் பார்த்துப் பெருமைப்படறதுக்கு யார் இருக்கா?"

"அதைத்தான் பார்க்கப் போறோம்."

வீட்டில் கதவைத் திறந்தது எட்டாங்கிளாஸின் மனைவி. விழாவுக்காகப் பாதி அலங்காரம் முடிந்திருந்தது. ஒரு காதில் மட்டும் தோடு.

"எனக்கு எதுவும் தெரியாது" என்றாள், மேடம் வணக்கம் சொல்வதற்கு முன்பே.

"நாங்க இன்னும் எதுவும் கேட்கலையே" என்றான் அரியர்.

"கேட்டாலும் தெரியாது."

"வீட்டுல வேற யார் இருக்காங்க?" என்று கேட்டார் மேடம்.

"எங்க அப்பா. கீழ் ரூம்ல இருப்பார். சட்டை தேய்ச்சு வாங்கணும்னு காலையிலயே கிளம்பிப் போனார், இன்னும் காணோம்."

"அவர் ரூமைப் பார்க்கலாமா?"

கீழ் அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு மேசை. ஆனால் கட்டிலுக்கு மேலே இருந்த சுவர் ஒரு காட்சிசாலை. கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியுமாக வரிசையாகப் படங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் அந்த ஆளின் பட்டம், கண்ணாடி போட்டு.

"இவர் மூத்த மருமகன், டாக்டர்" என்றாள் மனைவி, இழுத்து இழுத்து. "இவர் ரெண்டாவது மருமகன், வக்கீல். அடுத்த ஓரத்துல இருக்கிறது என் தம்பி. இன்ஜினியர்."

"நீங்க மூணாவது பொண்ணா?"

"ஆமா."

இரண்டாவது மருமகனுக்கும் தம்பிக்கும் நடுவே ஒரு காலியிடம். சுவரின் மற்ற பாகங்கள் வெயிலில் மங்கியிருக்க, அங்கே மட்டும் பெயின்ட் புதிதுபோல ஒரு நீளச் சதுரம். இதுவரை அந்த இடத்தை மூடியிருந்த காலண்டர் இப்போது கட்டிலில் மல்லாந்து கிடந்தது.

மேடம் முழங்கால் போட்டுக் கட்டிலில் ஏறினார். சதுரத்தின் உச்சியில் விரலை வைத்தார். "இங்க பாரு அரியர். காலண்டர் காகிதம்தானே? அதுக்கு மெல்லிசா ஒரு ஆணி போதும். அதோ, பழைய ஆணி ஓட்டை. ஆனா இது என்ன?"

"திருகாணி."

"கண்ணாடி போட்ட ஃபிரேம் கனமா இருக்கும். ஆணியில மாட்டினா ஆணி வளையும், இல்ல காரை பேர்ந்து கொட்டும். அதனால சுவரைத் துளைச்சு, உள்ளே பிளாஸ்டிக் அடைப்பைச் செருகி, அதுக்குள்ள திருகாணியை முறுக்கணும். முறுக்க முறுக்க அடைப்பு விரிஞ்சு சுவரைப் பிடிச்சுக்கும்." தலையணை மேல் விரலை ஓட்டிக் காட்டினார். விரல் நுனி முழுக்க வெள்ளைத் தூள். "இன்னிக்குத் துளைச்சது. பெரியவர் எதையோ மாட்டத் தயாரா இருக்கார்."

மனைவி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "தெரியாதுன்னுதானே சொன்னேன்" என்றாள் பரிதாபமாக. "அப்பா எடுக்கலைன்னு நான் சொல்லலையே."

"அந்த செக்ரட்டரிப் பொண்ணு மேல பழி விழுந்திருக்கு, தெரியுமா?"

அவளுக்குத் தெரியவில்லை. அவள் முகம் போன போக்கிலேயே அது தெரிந்தது. "எங்க அப்பா தேடித் தேடித் தங்க மெடல் மாப்பிள்ளையாப் பிடிச்சார் மேடம். கல்யாணப் பத்திரிகையில பேருக்குப் பின்னாடி பட்டத்தைப் போட்டு ஊரெல்லாம் கொடுத்தார். மறு வருஷமே இந்த விளம்பரம். பத்திரிகையில போட்ட பட்டமே பொய்னு ஊர் முடிவு பண்ணிடுச்சு. சொந்தக்காரங்க வீட்டுக்கு அப்பா போறதையே விட்டுட்டார். போனா, 'உங்க எட்டாங்கிளாஸ் மாப்பிள்ளை சௌக்கியமா?'ன்னு கேக்கிறாங்களாம்."

பெரியவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, நடைதான். நடந்து போகக்கூடிய தூரத்தில் ஃபிரேம் கடை ஒன்றே ஒன்று இருந்தது, தெருமுனையில். கடைக்காரர் வைரப் பேனாவால் கண்ணாடியில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். இழுத்து, மேசை விளிம்பில் வைத்து ஒரு தட்டு. கண்ணாடி கோட்டோடு சொன்னபடி கேட்டு இரண்டானது.

"பெரியவரா? வந்தாரே" என்றார். "கடையிலயே விலை கூடின ஃபிரேம். தங்கக்கலர் பூவேலை. பட்டத்துக்கு ஃபிரேம் போட மூணு தினுசா ஆளுங்க வருவாங்க சார். படிச்சவன் தானே வந்தா, 'ஏதோ ஒண்ணு போடுங்க'ம்பான். அவனைப் பெத்தவங்க வந்தா கொஞ்சம் நல்லதாக் கேப்பாங்க. பொண்ணு குடுத்தவங்க வந்தாங்கன்னா, அன்னிக்குத்தான் எனக்கு வியாபாரம்."

"எங்க மாட்டப் போறதாச் சொன்னார்?" என்றார் மேடம்.

"வீட்டுச் சுவர்லதான். ஆனா அது நாளைக்காம். இன்னிக்குப் பரிசுக் காகிதம் சுத்திக் குடுன்னார். அதுவும் எப்படி? 'மேடையில ஒரே இழுப்புல கிழியணும், நான் தடுமாறக் கூடாது'ன்னார். நாலு பக்கமும் ஒட்டினா கிழியாது. ஒரு ஓரத்துல மட்டும் டேப் போட்டு, வால் மாதிரி ஒரு முனையை விட்டுக் குடுத்திருக்கேன்."

அரியர் மேடத்தைப் பார்த்தான். மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இருவரும் ஒன்றாக ஓடினார்கள்.

பல்கலைக்கழக மண்டபம் நிறைந்து வழிந்தது. முன்வரிசையில் இன்ஸ்பெக்டர். பக்கவாட்டில், தூண் ஓரமாக, இரண்டு காவலாளிகளுக்கு நடுவே செக்ரட்டரி. அவளைச் சுற்றி ஊழியர்கள் யாரும் உட்காரவில்லை. அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாக இருந்தன.

மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் எட்டாங்கிளாஸுக்குச் சிவப்பு அங்கி மாட்டிக்கொண்டிருந்தார்கள். மேடம் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்.

"கிடைச்சிருச்சா?" என்றார் அவர்.

"கிடைச்சிருச்சு. எம்.எஸ்சி. என்ன பாடம் சார்?"

அங்கிக்குள் எட்டாங்கிளாஸ் ஒரு சுற்று இளைத்தார். "கெமிஸ்ட்ரி" என்றார். "முதல் ராங்க். இதே பல்கலைக்கழகம்தான்."

"அடப்பாவி" என்று அரியர் வாய்விட்டே சொல்லிவிட்டான்.

"நான் என்ன செய்யறது? ஆரம்பத்துல உண்மையைச் சொல்லித்தான் தொட்டி வித்தேன். ஒருத்தன் வாங்கலை. அப்புறம் ஒரு விளம்பரக்காரன் சொன்னான்: 'சார், எம்.எஸ்சி. படிச்சவன் தொட்டி வித்தா, ஐயோ பாவம்பாங்க. எட்டாவது ஃபெயிலானவன் தொட்டி வித்தா, அடேயப்பாம்பாங்க. தொட்டி ஒண்ணுதான்.' சரின்னுட்டேன்."

"பட்டத்தைக் கிழிச்சுப் போட்டிருக்கலாமே?" என்றான் அரியர்.

எட்டாங்கிளாஸ் அவனை நம்ப முடியாமல் பார்த்தார். "எப்படிய்யா கிழிப்பேன்? ராத்திரி பகலாப் படிச்சது."

மேடம் விஷயத்துக்கு வந்தார். "எடுத்தது உங்க மாமனார். ஃபிரேம் போட்டு மேடைக்கே கொண்டு வர்றார். இப்போ நீங்க வெளியே போய், உங்க ஆபீஸ்காரங்க முன்னாடி, இந்தப் பொண்ணு திருடலைன்னு சொல்லுங்க."

"சொல்றேன், சொல்றேன். விழா முடியட்டும். இப்ப சொன்னா, அப்ப யார் எடுத்தா, என்ன எடுத்தான்னு கேப்பாங்க. முதல்ல மாமாவைத் தடுத்து நிறுத்துங்க மேடம். ரெட்டை ஃபீஸ் தர்றேன்."

"விழா முடிஞ்சதும் இன்ஸ்பெக்டர் அவளைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவார்."

"ஒரு ராத்திரிதானே? காலையில நானே போய்ச் சொல்லிடறேன்."

மேடத்தின் உதட்டோரம் இப்போது துடிக்கவில்லை. "நீங்க என்னைக் கூப்பிட்டது குழாயைக் கண்டுபிடிக்க. கண்டுபிடிச்சுச் சொல்லியாச்சு. மாமனாரைத் தடுக்கிறது உங்க குடும்ப விஷயம்" என்று சொல்லிவிட்டுத் திரைச்சீலை ஓரமாகப் போய் நின்றுகொண்டார். அரியரும் பக்கத்தில் நின்றான்.

துணைவேந்தர் பேசினார். ஏட்டுக் கல்வியின் போதாமையைப் பற்றி, எழுதி வைத்த ஏட்டைப் பார்த்து, நெடுநேரம் பேசினார். எட்டாங்கிளாஸ் கௌரவ டாக்டர் ஆனார். கைத்தட்டல் அடங்கும் நேரத்தில், தேய்த்த சட்டையும் ஆளைவிட அகலமான பொட்டலமுமாக ஒரு பெரியவர் மேடையேறினார். மாமனார் என்று தெரிந்ததும் அறிவிப்பாளர் மைக்கை மரியாதையோடு நீட்டிவிட்டார்.

எட்டாங்கிளாஸ் திரைப் பக்கம் திரும்பி மேடத்தைப் பார்த்தார். தண்ணீரில் விழுந்தவன் கரையைப் பார்ப்பதுபோல. மேடம் அசையவில்லை.

பெரியவர் காகிதத்தின் வாலைப் பிடித்து இழுத்தார். கடைக்காரர் சொன்னபடியே ஒரே இழுப்பில் உரிந்தது. தங்கக்கலர் பூவேலை விளக்கு வெளிச்சத்தில் மின்னியது.

அரியர் கண்ணை மூடிக்கொண்டான். இடி விழும் என்று காத்திருந்தான். விழுந்தது கைத்தட்டல்.

கண்ணைத் திறந்தான். துணைவேந்தர் எழுந்து வந்து ஃபிரேமின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இப்போதுதான் கொடுத்த டாக்டர் பட்டத்தை அதற்குள் மாமனார் ஃபிரேம் போட்டுக் கொண்டுவந்துவிட்டார் என்று சபை முழுக்க நினைத்துக்கொண்டது. எத்தனையோ கண்கள் அந்தக் காகிதத்தைப் பார்த்தன. ஒருவரும் படிக்கவில்லை. தங்க விளிம்பு, முத்திரை, கீழே ஒரு கையெழுத்து. பட்டம் என்றால் அவ்வளவுதானே?

"இது நீங்க குடுத்தது இல்லய்யா!" பெரியவர் மைக்கில் கத்தினார். "இது அவர் படிச்சு வாங்கினது! எம்.எஸ்சி.! தங்க மெடல்! என் மாப்பிள்ளை எட்டாங்கிளாஸ் இல்ல!"

சபை குலுங்கிச் சிரித்தது. "மாமனார்னா இப்படி இருக்கணும்யா!" என்றது ஒரு குரல். "மாப்பிள்ளை பாசத்துல எம்.எஸ்சி.யே ஆக்கிட்டார்!" என்றது இன்னொன்று.

"பொய்யா சொல்றேன்?" பெரியவர் விடவில்லை. "மாடி பீரோவில, கறுப்புக் குழாய்க்குள்ள சுருட்டிப் போட்டிருந்தார். நேத்து ராத்திரி நான்தான் எடுத்தேன். என் கையால எடுத்தேன்!"

சபை மறுபடி சிரித்தது. ஆனால் ஊழியர்கள் உட்கார்ந்திருந்த வரிசைகளில் மட்டும் சிரிப்பு நடுவில் அறுந்தது. கறுப்புக் குழாய் என்ற சொல் அங்கே போய் விழுந்திருந்தது. காலையிலிருந்து அவர்கள் பேசிக்கொண்டிருந்தது அந்தக் குழாயைப் பற்றித்தான். ஒவ்வொரு தலையாகத் தூண் பக்கம் திரும்பியது.

செக்ரட்டரி எழுந்தாள். காவலாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வழிவிட்டார்கள். அவள் நடந்து மேடைக்கு நேர் கீழே வந்து, மைக்குக்கு எதிரே நின்றாள். முதலாளியை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். நகர்கிற உத்தேசம் அவளுக்கு இல்லை. என்ன விஷயம் என்று இன்ஸ்பெக்டரும் எழுந்து பக்கத்தில் வந்தார்.

"சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார் பெரியவர், மைக்கை அவர் பக்கம் திருப்பி. பட்டத்தைச் சொல்லச் சொல்கிறார் அவர், பாவம்.

எட்டாங்கிளாஸ் மாமனாரைப் பார்த்தார், இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், கடைசியில் அந்தப் பெண்ணைப் பார்த்தார். மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் பொண்ணு... என் செக்ரட்டரி. என் வீட்டுப் பொருள் ஒண்ணைத் திருடிட்டான்னு சொன்னேன். காலையிலேர்ந்து உட்கார வச்சுக் காவல் போட்டேன். இவ எடுக்கலை. இவ மேல எந்தத் தப்பும் இல்ல. தப்பு என் மேல." அந்த ஒரு நாளில் அவர் நடிக்காமல் பேசியது இந்த இடத்தில்தான் என்று அரியருக்குப் பட்டது. "என்னை மன்னிச்சிடும்மா."

இன்ஸ்பெக்டர் திரும்பிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். செக்ரட்டரி நின்ற இடத்திலேயே, அடக்கி வைத்திருந்த மூச்சை முழுசாக விட்டாள்.

அதன் பிறகு எழுந்த கைத்தட்டலில் கூரை அதிர்ந்தது. முதல் வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"படிச்சவன் எவனாவது வேலைக்காரங்ககிட்ட இப்படி மேடையில மன்னிப்புக் கேப்பானா? படிக்காத மனுஷன்யா! அதான் மனசு தங்கமா இருக்கு!"

"ஐயோ, அவர் படிச்சவர்யா!" என்று பெரியவர் ஃபிரேமைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

சபை அவருக்கும் சேர்த்துக் கைதட்டியது.